மூட்டுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

ஜப்பானிய நிபுணர் கென்ஜி டகாகியின் வாழ்க்கை வரலாறு

முழங்கை மடங்கவில்லை என்றால் சோற்றை வாய்க்குக் கொண்டு போக முடியாது. முழங்கால் மடங்கவில்லை என்றால் தரையில் உட்கார முடியாது. மூட்டு இறுகிப் போனவர்களின் துன்பம் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இன்று அப்படிப்பட்டவர்களில் பலருக்கு, பெரிய வெட்டு இல்லாமலே டாக்டர்கள் ஆபரேஷன் செய்கிறார்கள். தோலில் சிறு துளைகள் போடுகிறார்கள். பென்சிலை விட மெல்லிய குழாயை மூட்டுக்குள் விடுகிறார்கள். உள்ளே இருப்பது திரையில் தெரிகிறது. அதைப் பார்த்துக் கொண்டே கோளாறைச் சரி செய்கிறார்கள்.

இந்த வழியைத் திறந்து விட்டவர்களில் முக்கியமானவர், ஜப்பான் நாட்டு டாக்டர் கென்ஜி டகாகி. 1888-ம் ஆண்டு பிறந்த அவர், 1963-ம் ஆண்டு காலமானார். 75 ஆண்டு வாழ்வில் அவர் செய்த பெரிய காரியங்கள் இரண்டு. ஒன்று, மூட்டுக்குள் பார்க்கும் கருவி. மற்றொன்று, கை கால் விளங்காத குழந்தைகளுக்கு ஒரு புது வாழ்வு.

தரையில் உட்காரும் நாடு

டகாகி டோக்கியோ பல்கலைக்கழகத்தில் எலும்பு வைத்தியத் துறையைச் சேர்ந்தவர். ஜப்பானில் அந்தத் துறை அப்போது புதியது. டோக்கியோவில் அது தொடங்கப்பட்டதே 1906-ம் ஆண்டில்தான்.

அந்தக் காலத்து ஜப்பானிய வீடுகளில் நாற்காலி கிடையாது. தரையில் பாய் விரித்திருக்கும். அதன் மேல் மண்டியிட்டு, குதிகால்களின் மேல் உட்காருவார்கள். சாப்பாடும் அப்படித்தான். விருந்தினரை வரவேற்பதும் அப்படித்தான். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வதும் அப்படித்தான்.

முழங்கால் மடங்காதவர் என்ன செய்வார்? எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அவர் மட்டும் காலை நீட்டிக் கொண்டு இருக்க வேண்டும். அது மரியாதைக் குறைவாகத் தோன்றும். கழிப்பறையிலும் குந்தி உட்கார வேண்டும். அதுவும் அவரால் முடியாது. மேலை நாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சமாளித்து விடக்கூடிய ஒரு குறை, ஜப்பானில் ஒருவரின் வாழ்க்கையையே முடக்கி விட்டது.

காசநோய் செய்த கொடுமை

முழங்கால்கள் ஏன் இறுகின? முக்கிய காரணம் காசநோய்.

காசநோய் என்றால் இருமலும் சளியும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அந்தக் கிருமி இரத்தத்தின் வழியே எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். முழங்காலில் புகுந்தால் முதலில் மூட்டின் உட்புறச் சவ்வு வீங்கும். பிறகு எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு அரிக்கப்படும். கடைசியில் தொடை எலும்பும் கால் எலும்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்ளும். அதன் பிறகு அந்தக் கால் ஒரு கட்டைதான்.

காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது இல்லை. ஸ்டெரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ம் ஆண்டில்தான். மூட்டை அசைய விடாமல் கட்டி வைப்பதும், நல்ல உணவும் ஓய்வும் கொடுப்பதுமே சிகிச்சையாக இருந்தன.

நோயை ஆரம்பத்திலேயே கண்டு கொண்டால் மூட்டைக் காப்பாற்ற வழி தேடலாம். ஆனால் எப்படிக் கண்டு கொள்வது? எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். சவ்வும் குருத்தெலும்பும் தெரியாது. எக்ஸ்ரேயில் சேதம் தெரிகிற நேரத்தில் நோய் முற்றியிருக்கும். முழங்காலை வெட்டித் திறந்து பார்க்கலாம். அப்படிப் பார்த்தால் புண் ஆற நாளாகும். சீழ் வைக்கலாம். அந்த வெட்டினாலேயே மூட்டு இறுகிப் போகலாம்.

வெட்டாமல் பார்க்க வேண்டும். இதுதான் டகாகியின் முன் நின்ற பிரச்சினை.

1918-ம் ஆண்டு

மூத்திரப் பைக்குள் பார்க்கும் கருவி ஒன்று அப்போதே டாக்டர்களிடம் இருந்தது. அது ஒரு நீண்ட குழாய். உள்ளே லென்ஸ்கள் இருக்கும். நுனியில் சிறிய மின்சார விளக்கு இருக்கும்.

1918-ம் ஆண்டு டகாகி அந்தக் கருவியை எடுத்தார். இறந்து போன ஒருவரின் முழங்கால் மூட்டுக்குள் அதைச் செலுத்தினார். ஒற்றைக் கண்ணால் குழாய் வழியே பார்த்தார். வெட்டித் திறந்தால் மட்டுமே காணக்கூடிய மூட்டின் உட்புறம் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல. டென்மார்க் நாட்டு டாக்டர் நார்டன்டாஃப்ட், மூட்டுக்குள் கருவி விட்டுப் பார்ப்பதைப் பற்றி 1912-ம் ஆண்டிலேயே பெர்லின் மாநாட்டில் பேசியிருந்தார். சுவிட்சர்லாந்து நாட்டு டாக்டர் பிர்ஷர் 1921-ம் ஆண்டு நோயாளிகளின் முழங்கால்களைப் பார்த்துக் கட்டுரை எழுதினார். ஆனால் அவர்களுடைய முயற்சி தொடரவில்லை. டகாகி விடாப்பிடியாகத் தொடர்ந்தார். அதுதான் வித்தியாசம்.

13 ஆண்டு உழைப்பு

மூத்திரப் பைக்குச் செய்த கருவி மூட்டுக்குப் பொருந்தாது. மூத்திரப் பை பெரியது. விரியக் கூடியது. மூட்டு அப்படி அல்ல. அதற்குள் எலும்புகள் நெருக்கமாக இருக்கின்றன. இடைவெளி மிகக் குறைவு.

1920-ம் ஆண்டு டகாகி மூட்டுக்கென்றே ஒரு கருவி செய்தார். அதன் குறுக்களவு 7.3 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு பென்சிலின் பருமன் என்று சொல்லலாம். அவ்வளவு பருமனான குழாயை நோயாளியின் மூட்டில் எளிதாகச் செலுத்த முடியவில்லை.

மெல்லியதாக்க வேண்டும். மெல்லியதாக்கினால் லென்ஸ் சிறியதாகும். லென்ஸ் சிறியதானால் வெளிச்சம் குறையும். படம் மங்கும். ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெட்டது. டகாகி பொறுமையாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்.

1931-ம் ஆண்டு வெற்றி கிடைத்தது. புதிய கருவியின் குறுக்களவு 3.5 மில்லிமீட்டர்தான். பழையதில் பாதியை விடக் குறைவு. அதற்கு ஒன்றாம் நம்பர் என்று பெயர் வைத்தார்.

அதோடு இன்னொரு வழியையும் அவர் கையாண்டார். மூட்டுக்குள் உப்பு நீரைச் செலுத்தினார். காற்று ஊதிய பலூன் போல மூட்டுப் பை விரிந்தது. எலும்புக்கும் சவ்வுக்கும் இடையே இடம் கிடைத்தது. கருவி நுழையவும், கண் பார்க்கவும் வசதி ஏற்பட்டது. இந்தத் தண்ணீர் முறைதான் இன்று வரை நடைமுறையில் இருக்கிறது.

டகாகி அதோடு நிற்கவில்லை. ஒன்றாம் நம்பருக்குப் பிறகு இரண்டு, மூன்று என்று 12-ம் நம்பர் வரை கருவிகள் செய்தார். மூட்டின் உட்புறத்தைப் போட்டோ பிடித்தார். 1936-ம் ஆண்டு வர்ணப் படமும் சினிமாப் படமும் எடுத்தார். ஒரு டாக்டர் மட்டும் குழாயில் கண் வைத்துப் பார்த்ததை எல்லா டாக்டர்களும் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஒளித்து வைக்கப்பட்ட குழந்தைகள்

ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்தவர் அல்ல டகாகி. 1916-ம் ஆண்டு வாக்கிலேயே டோக்கியோவில் ஏழைகள் வாழும் பகுதிகளுக்கு அவர் போனார். கை கால் விளங்காதவர்கள் எத்தனை பேர், எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

பல வீடுகளில் அப்படிப்பட்ட குழந்தைகளை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம். முன் ஜன்மத்து வினை என்ற எண்ணம். பணம் இல்லாத கஷ்டம் வேறு. தக்க காலத்தில் சிகிச்சை செய்திருந்தால் நடக்கக் கூடிய குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மட்டும் போதுமா? மூட்டு நோய் ஒரு வாரத்தில் தீருவதல்ல. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் படிப்பு போய்விடும். கால் குணமாகி வெளியே வந்தாலும் எழுத்தறிவு இராது. தொழில் தெரியாது. பள்ளிக்குப் போனால் சிகிச்சை நின்று விடும். சிகிச்சையா, படிப்பா? இரண்டில் ஒன்றை இழக்க வேண்டிய நிலை.

1922-ம் ஆண்டு டகாகி ஜெர்மனிக்குப் போனார். அங்கே இதற்கு ஒரு விடை கிடைத்தது. கை கால் விளங்காத குழந்தைகளுக்கென்று அங்கே இல்லங்கள் இருந்தன. ஒரே கூரையின் கீழ் சிகிச்சையும் இருந்தது, பள்ளியும் இருந்தது, தொழிற்பயிற்சியும் இருந்தது.

நாடு திரும்பிய டகாகி, 1924-ம் ஆண்டு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அப்படிப்பட்ட இல்லம் ஜப்பானிலும் வேண்டும் என்று வற்புறுத்தத் தொடங்கினார்.

ஒரு சொல்லை மாற்றினார்

கை கால் குறைபாடு உள்ளவர்களைக் குறிக்க அப்போது ஜப்பானில் வழங்கிய சொற்கள் கடுமையானவை. கேட்பவர் மனத்தைப் புண்படுத்தக் கூடியவை. டகாகிக்கு அவை பிடிக்கவில்லை.

1920-களின் கடைசியில் அவர் புதிய சொல் ஒன்றை வழக்குக்குக் கொண்டு வந்தார். கை கால்கள் விருப்பம் போல் இயங்காதவர் என்பது அதன் பொருள். ஆளைக் குறை சொல்லாத சொல் அது. கை கால்களின் நிலையை மட்டுமே சொன்னது. பிற்காலத்தில் ஜப்பானின் சட்டங்களிலும் பள்ளிகளிலும் அந்தச் சொல்லே இடம் பெற்றது.

1932-ம் ஆண்டு டோக்கியோவில் கோமெய் பள்ளி திறக்கப்பட்டது. கை கால் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக ஜப்பானில் ஏற்பட்ட முதல் பொதுப் பள்ளி அது. டகாகியும் அவரைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னதற்குக் கிடைத்த பலன்.

ஆனால் டகாகி கேட்டது பள்ளி மட்டும் அல்ல. சிகிச்சையும் சேர்ந்த இல்லம். அதற்கு அவர் மேலும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டி இருந்தது. 1942-ம் ஆண்டு டோக்கியோவில் அந்த இல்லம் எழுந்தது. அதன் பெயர் செய்ஷி ரியோகோ-என். கட்டுரை எழுதி 18 ஆண்டுகளுக்குப் பிறகு கனவு பலித்தது.

குண்டு வீச்சும் மறு வாழ்வும்

பலித்த கனவு நெடுநாள் நிலைக்கவில்லை. அது உலக யுத்த காலம். 1945-ம் ஆண்டு டோக்கியோ மீது விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. மரத்தால் கட்டிய நகரம் பற்றி எரிந்தது. குழந்தைகள் இல்லத்தின் பெரும் பகுதியும் தீயில் அழிந்தது.

மூட்டுக் கருவி ஆராய்ச்சியும் யுத்தத்தினால் தடைப்பட்டது.

அப்போது டகாகிக்கு வயது 57. அத்துடன் ஓய்ந்து போயிருக்கலாம். அவர் ஓயவில்லை. யுத்தம் முடிந்ததும் இல்லத்தை மீண்டும் எழுப்பப் பாடுபட்டார். 1947-ம் ஆண்டு ஜப்பானில் குழந்தைகள் நலச் சட்டம் வந்தது. கை கால் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான இல்லங்களுக்கு அதில் இடம் கொடுக்கப்பட்டது. ஒரு டாக்டரின் சொந்த விருப்பமாக இருந்தது, நாட்டின் கடமையாக மாறியது. அப்படிப்பட்ட குழந்தைகளின் நலப் பணிக்குத் தந்தை என்று ஜப்பானியர் இன்றும் அவரைப் போற்றுகிறார்கள்.

குருவை மிஞ்சிய சிஷ்யர்

கருவி வேலையைத் தொடர ஒருவர் கிடைத்தார். அவர் பெயர் மசாகி வாடனாபே. 1911-ம் ஆண்டு பிறந்தவர். டகாகியின் மாணவர். டோக்கியோ டெய்ஷின் ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார்.

யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் லென்ஸ், காமிரா தொழில்கள் வேகமாக வளர்ந்தன. அதை வாடனாபே பயன்படுத்திக் கொண்டார். குரு 12-ல் விட்டார். சிஷ்யர் 13-ல் ஆரம்பித்தார். நம்பரைக் கூட மாற்றவில்லை.

1955-ம் ஆண்டு வாடனாபே ஒரு முழங்காலுக்குள் இருந்த கட்டியைக் கருவியின் துணையால் எடுத்தார். அது வரை பார்ப்பதற்கு மட்டும் பயன்பட்ட வழி, ஆபரேஷன் செய்யவும் பயன்பட்டது. 1957-ம் ஆண்டு மூட்டுக்குள் தெரியும் காட்சிகளைப் படங்களாகத் தொகுத்துப் புத்தகம் வெளியிட்டார். 1950-களின் முடிவில் அவருடைய 21-ம் நம்பர் கருவி வந்தது. நல்ல தெளிவான படம் தந்த அந்தக் கருவி, வெளிநாட்டு டாக்டர்களையும் கவர்ந்தது. அதன் நுனியில் சிறிய பல்பு இருந்தது. சில சமயம் அது மூட்டுக்குள்ளேயே உடைந்து விடும். அந்தக் குறை பிற்காலத்தில் கண்ணாடி இழை விளக்கு வந்த பிறகு தீர்ந்தது.

1962-ம் ஆண்டு மே மாதம் 4-ந்தேதி ஒரு முக்கிய நாள். 17 வயதுப் பையன் ஒருவன் கூடைப்பந்து ஆடும்போது முழங்காலில் அடிபட்டு வந்திருந்தான். உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. வாடனாபே மூட்டைத் திறக்காமல், கிழிந்த பகுதியை மட்டும் சிறு துளை வழியே வெட்டி எடுத்தார். பையன் ஆறு வாரத்தில் மீண்டும் கூடைப்பந்து ஆடினான்.

மறு ஆண்டு, 1963-ல், டகாகி கண்ணை மூடினார். தான் போட்ட விதை மரமாகிக் காய்த்ததைப் பார்த்து விட்டுத்தான் போனார்.

1964-ம் ஆண்டு கனடா நாட்டு டாக்டர் ராபர்ட் ஜாக்சன் டோக்கியோ வந்தார். வாடனாபேயிடம் இந்த வித்தையைக் கற்றுக் கொண்டு, ஒரு கருவியுடன் ஊர் திரும்பினார். அவர் மூலம் அது அமெரிக்கக் கண்டத்தில் பரவியது.

முழங்கைக்கு வந்த வழி

முழங்காலில் வெற்றி கண்ட முறை முழங்கைக்கு வர நெடுநாள் ஆயிற்று. நியூயார்க் டாக்டர் பர்மன், இறந்தவர்களின் பல மூட்டுகளில் கருவியை விட்டுப் பார்த்து 1931-ம் ஆண்டு கட்டுரை எழுதினார். முழங்கை இதற்கு ஏற்றதல்ல என்பது அப்போது அவர் முடிவு.

அதற்குக் காரணம் உண்டு. முழங்கையில் மூன்று எலும்புகள் ஒரே பைக்குள் கூடுகின்றன. இடம் மிகக் குறுகல். அதை விடப் பெரிய ஆபத்து நரம்பு. கையை இயக்கும் மூன்று முக்கிய நரம்புகள் முழங்கையை ஒட்டியே போகின்றன. முழங்கை எதிலாவது இடித்துக் கொண்டால் சுண்டு விரல் வரை சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கும். அது அந்த நரம்புகளில் ஒன்று அடிபட்டதால் வருவது. குழாய் சற்று விலகினால் நரம்பு அறுந்து கை விரல்கள் விளங்காமல் போகலாம்.

1970-ம் ஆண்டு வாடனாபே 1.7 மில்லிமீட்டர் கருவி செய்தார். சிறிய மூட்டுகளுக்குள்ளும் பார்க்க முடிந்தது. 1985-ம் ஆண்டு அமெரிக்க டாக்டர்கள் ஆண்ட்ரூஸ், கார்சன் இருவரும், முழங்கையில் எந்த எந்த இடத்தில் துளை போட்டால் நரம்பு தப்பும் என்று விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகு இந்த ஆபரேஷன் பல நாடுகளில் பரவியது.

டகாகி காட்டிய தண்ணீர் முறை இங்கேதான் பெரிய உதவி செய்கிறது. மூட்டுக்குள் உப்பு நீர் ஏறியதும் பை உப்புகிறது. அப்போது முன் பக்கத்து நரம்புகள் எலும்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் போகின்றன. குழாய் நுழையும்போது ஆபத்து குறைகிறது.

என்ன செய்கிறார்கள்?

முழங்கை இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. பழைய எலும்பு முறிவு ஒன்று. வாத நோய் ஒன்று. பல ஆண்டு சுத்தியல் அடித்தும், மூட்டை தூக்கியும் உழைத்ததால் ஏற்படும் தேய்மானம் ஒன்று.

தேய்ந்த மூட்டில் எலும்பு முனைகளில் முள் போல் புதிய எலும்பு வளரும். எலும்புத் துணுக்குகள் உடைந்து உள்ளே மிதக்கும். மூட்டுப் பை தடித்துச் சுருங்கும். கதவுக்கு இடையில் கல் சிக்கினால் கதவு மூடாது அல்லவா? அது போலத்தான்.

டாக்டர் சிறு துளைகள் வழியே மிதக்கும் துணுக்குகளை எடுக்கிறார். முள் எலும்பைச் செதுக்கி விடுகிறார். சுருங்கிய பையை வெட்டித் தளர்த்துகிறார்.

கை முழுவதும் நீட்டிய நிலையைப் பூஜ்யம் என்று வைத்துக் கொண்டால், 30 டிகிரி முதல் 130 டிகிரி வரை மடங்கும் கை அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும் என்று அமெரிக்க நிபுணர்கள் 1981-ம் ஆண்டு அளந்து சொன்னார்கள். சாப்பிடலாம். முகம் கழுவலாம். தலை வாரலாம்.

ஆபரேஷனோடு வேலை முடிந்து விடுவதில்லை. கையை உடனே அசைத்துப் பழக வேண்டும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். வலிக்கிறது என்று விட்டு விட்டால் மூட்டு மறுபடியும் இறுகும்.

எல்லோருக்கும் இது ஏற்றதும் அல்ல. குருத்தெலும்பு முழுவதும் அழிந்து போன மூட்டை இந்த முறை புதிதாக்கி விடாது. முன்பு பட்ட காயத்தால் நரம்பு இடம் மாறியிருந்தால், வெட்டித் திறந்து செய்வதே பாதுகாப்பு. கை தேர்ந்த டாக்டர்களுக்கும் நரம்பு விஷயத்தில் எச்சரிக்கை தேவை.

அழியாத புகழ்

மூட்டுக்குள் எட்டிப் பார்க்க டகாகி 1918-ம் ஆண்டு இரவல் கருவியுடன் புறப்பட்டார். உருப்படியான கருவி செய்ய 13 ஆண்டு ஆயிற்று. குழந்தைகள் இல்லம் கட்ட 18 ஆண்டு ஆயிற்று. அதைத் தீ தின்றது. மறுபடியும் கட்டினார்.

வீட்டு மூலையில் ஒளித்து வைக்கப்பட்ட குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும். எல்லோரும் தரையில் உட்காரும்போது, கால் மடங்காதவரும் கூட உட்கார வேண்டும். இதைத்தான் அவர் விரும்பினார்.

இன்று ஒரு தொழிலாளி பல ஆண்டுகளுக்குப் பிறகு தன் கையை மடக்கி, தானே ஒரு வாய் சோறு எடுத்து உண்ணுகிறார் என்றால், அந்தச் சந்தோஷத்தில் டாக்டர் கென்ஜி டகாகிக்கும் பங்கு உண்டு.